முன்கட்டையில் நின்றவன்

ரூபனின் வலது பாதத்தைக் காணவில்லை.

ஹெஸ்டர் கண்ணாடி நெகட்டிவ் தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். காலையில் கௌஸ் துறைமுகத்தில் அவள் முதலாளி பல்லிஸ்டர் எடுத்த படம். பந்தயப் படகின் மூக்கிலிருந்து கடல்மேல் நீண்ட முன்கட்டையில் கயிற்றைப் பிடித்தபடி அவள் புருஷன். தகட்டில் வெள்ளை எல்லாம் கறுப்பாகத் தெரியும். வெள்ளை உடுப்புக்காரனான ரூபனும் கறுப்பாகத்தான் நின்றான், கணுக்கால்வரை. அதற்குக் கீழே வலது பக்கம் வெறும் கண்ணாடி, யாரோ கத்தியால் சுரண்டியதுபோல.

படங்களைத் திருத்துவது அவள் பிழைப்பு. போன வாரம் இதே கட்டையில் நின்ற ஜாப் என்ற மாலுமி படகின் அழகைக் கெடுக்கிறான் என்று அதன் சொந்தக்காரரான சீமான் முகம் சுளிக்க, அவள்தான் அவனைத் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்தாள். அன்று மாலையே ஜாப் கடலில் விழுந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் இடத்துக்குத்தான் ரூபன் போயிருக்கிறான்.

"ஐயா, இதுல யாரு கை வச்சது?"

"உன்னத் தவிர இங்க யாரு கத்தியத் தொடுறா?" பல்லிஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "புருஷன் மேல கோவம்னா வீட்ல காட்டும்மா." சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

பந்தயத்தைத் தொடங்கும் பீரங்கி வெடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கத்திக் கூப்பிட்டாலும் கடலில் இருக்கும் ரூபனுக்குக் கேட்காது.

ஆளில்லாத அறையில், வார்னிஷ் நெடிக்கு நடுவே எங்கிருந்தோ கடற்பாசி வாடை மெல்ல ஏறிவர, அவள் கைக்குக் கீழேயே அந்தச் சத்தம் தொடங்கியது. எலி பலகையைப் பிராண்டுவதுபோல, நிதானமாக, அவசரமே இல்லாமல். கத்தி மேசைமேல் அசையாமல் கிடந்தது. தகட்டிலிருந்து கறுப்புத் துகள் சுருண்டு உதிர்ந்தது. முழங்கால் போயிற்று.

ஹெஸ்டர் தகட்டை மேசையில் அழுத்திப் பிடித்தாள். பென்சிலை எடுத்தாள். அழிந்த காலைத் திரும்ப வரைந்தாள். இடுப்பு போயிற்று. வரைந்தாள். கை. தோள். விரலுக்கொரு கோடு, அதற்குமேல் நேரமில்லை. "விட்டுரு. அவர விட்டுரு, ஜாப்."

முகம் போயிற்று.

தாடைக்கு ஒரு கோடு இழுத்தாள். காதுக்கு ஒரு கோடு. பென்சில் முனை ஒடிந்தது.

சத்தம் நின்றது.

கட்டையில் ஆள் நின்றான். காப்பாற்றிவிட்டோம் என்று அவள் அழுதாள்.

மாலையில் படிக்கட்டில் ஈரக் காலடிகள் ஏறி வந்தன. ரூபனின் நடைதான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

ரூபனின் உடுப்பு. ரூபனின் தோள். கோடுகளாய் நீண்ட ஐந்து விரல்கள் அவள் கன்னத்தைத் தேடின. தாடைக்கும் காதுக்கும் இடையே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவனுக்குப் பின்னாலிருந்த படிக்கட்டு தெளிவாகத் தெரிந்தது.