இறங்கச் சொல்லும் சொல்

ஹாரன் நின்றுவிட்டது. ஆனால் அப்பா திரும்பி வரும் சத்தம் கேட்கவில்லை.

மற்ற நாட்களில் ஹாரன் நின்று, எவ்வளவு தாமதமானாலும், அவருடைய செருப்பு ஈர மண்ணில் சளக் சளக்கென்று ஒலிக்கும், வாசல்கதவின் தாழ்ப்பாள் முனகும், ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இன்று ஜன்னல் தகரத்தில் தூறல் விழும் சத்தமும், போலீஸ் குடியிருப்புக்குப் பின்னால் நடவு முடிந்த வயல்களில் தவளைகள் விடாமல் கத்துவதும், சேற்று வாடையோடு வந்த குளிர்காற்றும்தான் இருந்தன. குந்தவை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நுஸைபா, தூங்கிட்டியாடி?"

"நீ எங்க தூங்க விடுற? மறுபடியும் அந்த வண்டியா?"

"ஹாரன் நின்னு ரொம்ப நேரமாச்சு. அப்பா இன்னும் உள்ள வரல."

"எங்கயாச்சும் தம் அடிக்கப் போயிருப்பாருடி."

"எங்கப்பாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

"தினம் ராத்திரி இந்த ஹாரனக் கேட்டா எங்க அத்தாவுக்கே அந்தப் பழக்கம் வந்துரும், அவரு துபாய்ல இருக்காரு."

குந்தவைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இரவு வேலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் குந்தவை மட்டும்தான்.

அப்பா தங்கையன் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்தார். அவருடைய நாய் பிங்கோ. போன ஆனி மாதம், வாய்க்கால்களில் தண்ணீர் வந்த புதிதில், வலங்கைமான் பக்கம் ஒரு திருட்டு வழக்குக்காக அதை அழைத்துப் போனார். வண்டியின் பின்பக்கக் கூண்டில் ஃபேன் ஓடாமல் கிடந்தது. மாற்றித் தரச் சொல்லி அவர் கேட்டபோதெல்லாம், "உன் டேபிளுக்கே ஃபேன் இல்ல, நாய்க்குக் காத்து கேக்குதா தங்கையா?" என்று சிரித்து அனுப்பினார்கள். அன்று வண்டி நின்ற இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. மேலதிகாரி கூப்பிட்டார். அப்பா காற்று வரட்டும் என்று பின்கதவை அகலத் திறந்துவைத்து, "ஸ்டே" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலதிகாரி பேசி முடித்து அவரை அனுப்ப நெடுநேரமாயிற்று.

கதவு திறந்தேதான் இருந்தது. எதிரிலேயே வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. பிங்கோ இறங்கவில்லை.

"ஸ்டே" சொன்ன பிறகு, இனி இறங்கலாம் என்பதற்கு ஒரு சொல் உண்டு. வேறு யாரும் கூப்பிட்டு நாய் போய்விடக் கூடாது என்று, அதை அப்பா பிங்கோவின் காதுக்குள் மட்டும்தான் சொல்வார். குந்தவை பிஸ்கட்டை அதன் மூக்கருகே நீட்டி வாயில் வந்த வார்த்தையையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எச்சில் ஒழுகும். கண் பிஸ்கட்டிலேயே இருக்கும். உடம்பு மட்டும் அசையாது.

"எனக்காவது சொல்லுங்கப்பா."

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளதும்மா."

வலங்கைமான் போன அன்று சாயங்காலம் சாக்கில் கிடத்திக் கொண்டுவந்தபோது, பிங்கோவின் நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்துத் தொங்கியது.

அதற்குப் பிறகு ஃபேன் வந்தது. கூண்டு சூடானால் ஹாரன் அடிக்கும் கருவியும் வந்தது. செத்தபிறகு எல்லாம் வந்தது. நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புது நாய் மட்டும் இன்னும் வரவில்லை. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து, குடியிருப்பு வாசலில் நிற்கும் அந்தக் காலி வண்டி ராத்திரியில் ஹாரன் அடித்தது. மெக்கானிக் முருகையன் ஒயரை மாற்றினார். பிறகு கருவியையே கழற்றிக்கொண்டு போனார். அப்புறமும் அடித்தது.

"எலி கடிச்சிருக்கும் பாப்பா," என்றார் அவர். "உங்கப்பாவுக்கு மனசு சரியில்ல, லீவு போடச் சொல்லணும்," என்றாள் அம்மா. சொல்லவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அப்பாதான் எழுந்து போனார். ஒவ்வொரு ராத்திரியும் முந்தின நாளைவிடத் தாமதமாகத் திரும்பினார். இந்தக் குளிரில் சட்டை முழுக்க வேர்வையோடு.

"ஏம்பா இப்படி வேர்த்திருக்கு?"

"உள்ள சூடா இருக்கும்மா. நான் கதவத் திறந்துதான் வச்சிருந்தேன்."

இதையும் அவள் எல்லோரிடமும் சொன்னாள். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

"குந்தவை, நீ போய்ப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்," என்றாள் நுஸைபா.

அவள் எழுந்தாள். தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்திருந்தது. வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மழை சாய்ந்து விழுந்தது. புங்கமரத்தடியில் வண்டி. அதன் கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. கூரையில் விழுந்த துளிகள் தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சொய்ங்கென்று மறைந்தன. நெருங்க நெருங்க நெல் அவிக்கும் ஆலைக்குள் நுழைந்ததுபோல் அனல். அதற்குள் நனைந்த ரோமத்தின் வாடை.

"ஏய், பக்கத்துல நாய் நிக்குதா?"

"இல்லடி."

"அப்ப யாருடி இப்படி மூச்சு வாங்குறது?"

குந்தவைக்கும் கேட்டது. வேகமான மூச்சு. வண்டிக்குப் பின்னாலிருந்து.

சுற்றிப் போனாள்.

பின்கதவு அகலத் திறந்திருந்தது. கூண்டுக்குள் அப்பா. மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தகரத்தில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வாய் பிளந்திருந்தது.

"அப்பா, இறங்குங்க."

அசையவில்லை.

கையைப் பிடித்து இழுத்தாள். சுட்டது. விட்டுவிட்டாள். மறுபடியும் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"வாங்கப்பா. போதும். எந்திரிங்க. கம். ஓகே. போ. போகலாம். அப்பா!"

அவர் கண் அவள்மேல் இல்லை. அவள் தோளுக்கு மேலே, இருட்டில், போனவர் திரும்பி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வார்த்தை உங்களுக்குத்தானே தெரியும்! நீங்களே சொல்லித் தொலைங்களேன்!"

அவள் கத்தினாள். பக்கத்து வீட்டில் ஒருவர், "மறுபடியும் அந்த வண்டியா?" என்று சலித்துக்கொண்டார். ஜன்னலைச் சாத்தினார்.

மழை ஒரு கை தூரத்தில் பெய்தது.

அவர் நெற்றியில் வேர்வை நின்றுபோயிருந்தது. தோல் காய்ந்துவிட்டது. மூச்சு மட்டும். இன்னும் வேகமாக. இன்னும் சின்னதாக.

நாக்கு வெளியே வந்தது. நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கியது.