அட்டை எடுத்த டீச்சர்

அலுமாரியின் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்த பெட்டியைத்தான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, பாலாத்துத் தோட்டத்துப் பாடசாலை. மழை விட்டும் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. தரம் ஏழு வகுப்பில், திறந்த அலுமாரிக்கு முன்னால் வினோதா டீச்சர் அழுதுகொண்டிருந்தாள். சித்திர டீச்சர் சுலக்ஷனா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "அழாதடி, எங்க போயிரப்போவுது?" என்று தேற்றினாள். பேசிக்கொண்டே ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"கால்ல என்ன?" என்று கேட்டாள் வாசலில் நின்ற நிலக்ஷி டீச்சர்.

"புதுச் செருப்பு கடிச்சிருச்சு டீச்சர்." கணுக்காலுக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால், அழுகிற வினோதாவைப் பார்த்து நிலக்ஷிக்கு இரக்கம் வரவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் நிலக்ஷிதான். இந்த வினோதா வந்து ஒன்றரை வருடம். அவள் வகுப்பில் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழும்புவதில்லை. நிலக்ஷியின் வகுப்பில் மணி அடிக்கும் முன்னமே புத்தகம் மூடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் அவள் நெஞ்சில் விழுந்தது. "விளையாட்டுக் காட்டினா கணக்கு வந்துருமா?" என்று ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் கேட்கச் சொல்லியும் இருந்தாள்.

காணாமல் போனது 'கொழுந்து ஆட்டம்'. தேயிலை மலையும் லயத்து வீடுகளும் கொழுந்து நிறுக்கிற மடுவமும் வரைந்த ஒரு பலகை. கூடவே நூறு அட்டைகள். அட்டைக்கு ஒரு கணக்கு. சரியாகப் போட்டால் கூடைக்குக் கொழுந்து சேரும். பிழை விட்டால், மலையில் வேலை பார்க்க வருகிற கண்டாக்கையா பிடித்து மலையடிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அன்று ஹட்டனில் கற்பித்தல் சாதனப் போட்டி. ஒன்பது மணிக்கு வேன் வரும்.

அலுமாரியின் பூட்டும் ஒரு விளையாட்டுத்தான். மூன்று இலக்கம் திருப்பித் திறக்கிற பூட்டு. மேலே சுவரில் புதிர் தொங்கியது. சுலக்ஷனாவின் கையால் அழகாக எழுதி, மூன்று கூடை வரைந்தது. 'முதல் கூடையைப் போல இரண்டு மடங்கு இரண்டாவதில். முதல் கூடையைவிட ஒரு கிலோ கூட மூன்றாவதில். மொத்தம் 17 கிலோ. மூன்றையும் வரிசையாகத் திருப்பினால் பூட்டுத் திறக்கும்.' விடையை டீச்சரிடம் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பூட்டுத்தான் வாத்தியார். செவ்வாய்க்கிழமை தொங்கவிட்டது, இன்னும் ஒரு பிள்ளையும் திறக்கவில்லை.

அதிபர் நிரஞ்சன் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான் சேர்," என்றாள் வினோதா. "முந்நூத்து அறுபத்திநாலு. யாருக்கும் சொல்லல."

நிலக்ஷி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்ப யாரோ கணக்கப் போட்டுத்தான் தொறந்திருக்காங்க. புள்ளைங்களால முடியல. பெரியவங்க... கணக்குல கெட்டிக்காரங்க." அதிபர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லாக் கண்ணும் நிலக்ஷியிடம் வந்து நின்றது.

"சுலக்ஷனா நேத்து அரைநாள் லீவு. பன்னெண்டு மணி பஸ்ல ஹட்டன் போயிட்டாங்க. வினோதா பள்ளிக்கூடம் விட்டதும் போயிட்டாங்க. நீங்க?"

"இங்கதான் இருந்தேன் சேர். பேப்பர் திருத்திக்கிட்டு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

காலைச் சாப்பாடு சமைக்கிற பேச்சியம்மா ஈரக் கையோடு வந்தாள். என்ன தொலைந்தது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"பேச்சியம்மா, நேத்து பள்ளிக்கூடம் விட்டப்புறம் யாராச்சும் அட்டை எடுத்தத பாத்தீங்களா?"

"ஆமாங்க சேர், பாத்தேன். ஸ்டோர் படியில ஒரு டீச்சர் உக்காந்து அட்டை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு ரெண்டு இல்லைங்க."

"யாரு?"

"மூஞ்சி தெரியலைங்க. குனிஞ்சு இருந்தாங்க, மேல கொடை. பச்ச சுவெட்டர்."

விளையாட்டுப் போட்டிக்கு எல்லா டீச்சர்மாருக்கும் பச்சை சுவெட்டர்தான் கொடுத்தார்கள். ஆனால் அதை நாள் தவறாமல் போட்டுக்கொண்டு வருவது நிலக்ஷி. இப்போதும் போட்டிருந்தாள்.

"ஏன் சேர், அட்டை எடுத்தா தப்பா?" என்றாள் பேச்சியம்மா. "என்னமோ போங்க, குசினி உப்பு டப்பாவ எவளோ தொறந்து போட்டுட்டுப் போயிருக்கா. உப்பெல்லாம் தண்ணி விட்டுப்போச்சு. அதக் கேக்க நாதியில்ல!"

உப்பைப் பற்றிப் பேச அதிபருக்கு நேரமில்லை. அவளை அனுப்பிவிட்டு நிலக்ஷியைப் பார்த்தார்.

"டீச்சர், ஒம்போது மணிக்குள்ள பெட்டி அந்த எடத்துக்கு வந்துட்டா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வராட்டி மேல எழுதத்தான் வேணும்."

நிலக்ஷிக்கு முகம் எரிந்தது. பதினெட்டு வருடப் பெயர் இப்படியா போகவேண்டும்? பொறாமைப்பட்டது உண்மை. அதற்காகத் திருடியா?

அவள் நேராகத் தரம் ஏழுக்குப் போனாள். கடைசி வாங்கில் பூரணி உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, இந்த வாரம் முழுக்க வாடிப்போய் இருந்தாள். உள்ளங்கையில் பேனையால் எழுதியிருந்தது பாதி அழிந்து கிடந்தது: 485.

"இதுவா ஒன் விடை?"

"பிழை டீச்சர். எத்தன தரம் திருப்பியும் தொறக்கல." பிள்ளை கையைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு கணக்கு வராது டீச்சர்."

நிலக்ஷியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியில் குசினி. பேச்சியம்மா உப்பு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். நிலக்ஷி அப்படியே நின்றாள். டப்பாவைப் பார்த்தாள். எதிரே இருந்த ஸ்டோர் படியைப் பார்த்தாள். பிறகு பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

எட்டரை மணி. அதிபர் அறையில் அதே ஆட்கள். சுலக்ஷனாவின் பிளாஸ்டர் இப்போது வெள்ளையாக இல்லை. நடுவில் சிவப்பாக ஊறியிருந்தது.

"சேர், அந்தப் புதிர நீங்களே போட்டுப் பாருங்க," என்றாள் நிலக்ஷி. "மொத்தம் பதினேழு கிலோ."

அதிபர் காகிதத்தில் கிறுக்கினார். "நாலு. எட்டு. அஞ்சு. நாலும் எட்டும் பன்னெண்டு, அஞ்சு பதினேழு. சரிதான். நாநூத்து எம்பத்தஞ்சு."

"பூட்டு நம்பர் முந்நூத்து அறுபத்திநாலு."

அதிபர் காகிதத்தை மறுபடி பார்த்தார்.

"இல்ல டீச்சர்," என்று வினோதா தடுமாறினாள். "மூணு, ஆறு, நாலு. மொத்தம் பதிமூணு. நான் பதிமூணுன்னுதானே எழுதச் சொன்னேன்?"

"எழுதுனவங்க பதினேழுன்னு எழுதிட்டாங்க. நீங்க கவனிக்கல. விடை தெரிஞ்சவங்க கேள்விய வாசிக்கிறதில்ல. சேர், அந்தக் கணக்கப் போட்ட யாராலயும் இந்தப் பூட்ட தொறக்க முடியாது. நானே போட்டிருந்தாலும் முடியாது. தொறந்தவங்க கணக்கே போடல. நம்பர் தெரிஞ்சவங்க." அவள் வினோதாவின் பக்கம் திரும்பினாள். "யாருக்கும் சொல்லலன்னீங்க. சுலக்ஷனாவுக்கும் சொல்லலியா?"

"அட்டைக்கெல்லாம் அவதானே கலர் அடிச்சா. எடுத்து வைக்கத் தெரியணும்ல? அவ... அவ யாரோ இல்லையே டீச்சர்."

சுலக்ஷனா சிரிக்கப் பார்த்தாள். "நல்லா இருக்கே! நான் ஹட்டன் பஸ்ல போனத பள்ளிக்கூடமே பாத்துச்சு."

"ஏறுனத பாத்துச்சு. பேச்சியம்மா, நேத்து அந்த டீச்சர் அட்டைய எங்கேருந்து எடுத்தாங்க?"

பேச்சியம்மா எல்லாரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இதென்ன கேள்வி? கால்லேருந்துதான். ரெண்டு கால்லயும் ஏறி ரத்தம் குடிச்சிக்கிட்டு இருந்துச்சு. வேற எங்கேருந்து அட்டை எடுப்பாங்க?"

அதிபரின் வாய் திறந்தபடியே நின்றது. அட்டைக் கடிக்குள் பிறந்து வளர்ந்தவர் அவர். காலையிலிருந்து எல்லார் மண்டையிலும் விளையாட்டு அட்டையே ஓடியதில், ஊரில் எந்நேரமும் காலில் ஏறுகிற அட்டையை மறந்துபோனார்.

"உப்பு வச்சா அட்டை விழும். குசினி டப்பா அதுக்குத்தான் தொறந்து கெடந்துச்சு," என்றாள் நிலக்ஷி. "நான் ஸ்டாஃப் ரூம விட்டு எறங்கல. சிமெந்துத் தரையில அட்டை ஏது? பஸ்ல ஹட்டன் போனவங்களுக்கும் ஏறாது. ஆனா பாதி வழியில, ஒத்தமரத்து முடக்குல பஸ்ஸ விட்டு எறங்கி, காடாப் போன பழைய தேயிலைக்குள்ள குறுக்க ஏறி வந்தா, கால் முழுக்க ஏறும். செருப்பு கடிச்சா குதிகால்ல கடிக்கும் சுலக்ஷனா. ஒங்களுக்குக் கணுக்காலுக்கு மேல கடிச்சிருக்கு. அட்டைக் கடிய சொறிஞ்சா மறுநாளும் கசியும். காலையிலேருந்து சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க."

சுலக்ஷனா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு பேசியது வினோதாவிடம்.

"நூறு அட்டைடி. நூறு படம். லயத்து நாய்க்குட்டி வரைக்கும் நான் வரைஞ்சது. மூடியில ஒன் பேரு மட்டும் போட்டிருக்கு. 'வினோதா டீச்சரோட ஆட்டம்'னு புள்ளைங்க சொல்லுதுங்க. ஹட்டன்ல மேடையில நீ மட்டும் ஏறுவ. நான் கீழ நின்னு கை தட்டணும்."

"பெட்டி எங்க?" என்றார் அதிபர்.

"ஸ்டோர் பரண்ல. படங்குல சுத்தி வச்சிருக்கேன். நனைய விடுவேனா? என் படம்ல."

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கு அது. ஒரு துளி ஈரம் படாமல் பெட்டி வந்து சேர்ந்தது. சுலக்ஷனா சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் நிலக்ஷிக்கு விளங்கியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கையாலாகாத எரிச்சலை அவளும் ஒன்றரை வருடமாக வீட்டுக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து கொண்டிருக்கிறாள்.

வேன் ஹோர்ன் அடித்தது. பெட்டியை அணைத்துக்கொண்டு படி இறங்கிய வினோதா நின்றாள்.

"டீச்சர், அந்தப் பதினேழ எப்ப கவனிச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "செவ்வாய்க்கிழமையே," என்றாள் நிலக்ஷி. "பூரணி திருப்பி, பூட்டு தொறக்காதப்பவே."

"அந்தப் புள்ள மூணு நாளா அழுதுச்சு. ஏன் சொல்லல?"

"பொறாமை."

வினோதா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். திட்டவில்லை. வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் நிலக்ஷிக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கிற நேரம். நிலக்ஷி தரம் ஏழுக்குப் போனாள். சுவரில் இருந்த பதினேழை அவள் தொடவில்லை. திறந்து கிடந்த பூட்டைக் கையில் எடுத்து, பின்பக்கத்து ஊசியை அழுத்தி, திறக்கிற இலக்கத்தை மாற்றினாள். அலுமாரியைப் பூட்டினாள்.

"பூரணி, வா. இன்னொரு தரம் திருப்பு."

"வேணாம் டீச்சர். தொறக்காது."

"திருப்பு."

பிள்ளை நாலைத் திருப்பினாள். எட்டு. அஞ்சு. பூட்டு வாயைப் பிளந்தது. வகுப்பு முழுக்க வாங்கின் மேல் ஏறிக் கூச்சல் போட்டது. பூரணியின் முகத்தில் அந்த வாரத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அவள் துள்ளிக்கொண்டு சொன்னாள்:

"வினோதா டீச்சர் வந்தவொடன சொல்லணும்!"

நிலக்ஷிக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கே போய்விடும் அந்தப் பொறாமை, ஒரே காலையில்?

"சொல்லு," என்றாள். "செவ்வாய்க்கிழமையே ஒன் விடை சரிதான், நிலக்ஷி டீச்சருக்கு அது தெரியும்னும் சேத்துச் சொல்லு."