மாதிரிச் சாவி

தகவல்களைப் பூட்டி வைக்கும் பழைய மின்பூட்டுகளைக் குவாண்டம் கணினிகள் அப்பளமாய் நொறுக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தக் கணினிகளாலும் உடைக்க முடியாத வல்பூட்டுக்கு ஒரே மாதத்தில் எல்லோரும் மாறியாக வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. இறந்தவர்களின் குரல்களைச் சேமித்து வைக்கும் தூத்துக்குடிக் குரலகத்தில், நிரல் எழுதும் ஜெசிந்தாவின் தலையில் அந்த வேலை விழுந்தது.

வல்பூட்டைச் செய்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள். கணக்கு அத்துப்படி, மனுஷர்களைத்தான் தெரியாது. கையேடு தொள்ளாயிரம் பக்கம். கெடு கழுத்தை நெரிக்கும்போது எந்த நிரலாளரும் செய்வதைத்தான் ஜெசிந்தாவும் செய்தாள். முதல் பக்கத்து மாதிரி நிரலை அப்படியே எடுத்து ஒட்டினாள். பூட்டிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், சரியாக இருந்தது. எல்லாக் குரல்களையும் அதில் பூட்டிவிட்டு, விதிப்படி பழைய பிரதிகளை அழித்தாள்.

மாதிரி நிரல் உண்டாக்கும் சாவி வெறும் சோதனைக்கானது, கணினியை அணைத்ததும் அழிந்துவிடும். இதை எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காகக் கணினிகளை அணைத்தார்கள். திங்கட்கிழமை ஒரு குரலும் திறக்கவில்லை. நாற்பதாயிரம் குடும்பங்களின் குரல்கள். அவற்றில் ஒன்று, கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத ஜெசிந்தாவின் கணவன் சேவியருடையது.

"பழைய பூட்டா இருந்தா திருடங்கிட்ட குடுத்தாவது திறந்திருக்கலாம்க்கா. இத எவனாலயும் முடியாது" என்றான் உடன் வேலை செய்யும் மாரிச்செல்வம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "ஒரு வழி இருக்கு. பின்னால திறந்துக்கிடலாம்னு அஞ்சு வருஷம் முன்னாலயே நம்ம குரலகத்துல இருந்து குரல்கள பூட்டோட திருடனுவ அள்ளிட்டுப் போனானுவல்லா? அந்தத் திருட்டுப் பட்டியல் இப்போ வெளிய வந்துட்டு. அண்ணன் பேரு அதுல இருந்தா, எப்படியாவது வாங்கிரலாம்."

பத்து வருஷமாகத் திருடர்களுக்கு எதிராகவே நிரல் எழுதியவள், என் புருஷன் குரல் திருடுபோயிருக்க வேண்டும் தாயே என்று மாதாவிடம் மன்றாடினாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்றாடினாள்.

திருடர்கள் ஒழுங்கானவர்கள். எடுத்தது எது, விட்டது எது, ஏன் விட்டோம் என்று பெயர்வாரியாகக் குறித்திருந்தார்கள். சேவியரின் பெயர் விட்டவற்றில் இருந்தது. காரணம்: உதவாது.

ஜெசிந்தா பட்டியலை மூடினாள்.

"அவரு என்ன பெருசா பேசிட்டாரு மாரி? சாப்ட்டியா, தூங்குனியான்னு கேப்பாரு, அவ்வளவுதான். அதப் போயி எவன் திருடுவான்?"