நிலாவுக்கு ஒரு கயிறு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், வேம்பார்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பர்னபாஸ் நிலாவுக்குப் போவதாக இருந்தது. திரை தூக்கப் போகிற நேரம் பார்த்து, "நான் போகமாட்டேன்" என்று மேடைக்குப் பின்னால் சப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

அவன் போக வேண்டிய ராக்கெட் ஒரு பழைய பீப்பாய். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்தது. வெள்ளையடித்து, மூடிமேல் ஓலைக் கூம்பு ஒன்றும் வைத்திருந்தார்கள். அதற்குள் அடங்குகிற ஆள் பள்ளிக்கூடத்திலேயே அவன் ஒருவன்தான். அவன் இல்லையென்றால் நாடகமும் இல்லை.

"ஏம்லே?" என்று கேட்டாள் அக்கா மரியசெல்வி. திரை இழுப்பது அவள் வேலை.

"மூடி போட்டா ஒரே இருட்டுக்கா. நான் உள்ள இருக்கதையே எல்லாரும் மறந்துட்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

நாடகம் எழுதிய சுந்தரராஜ் சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எல்லாம் பத்திரிகைச் செய்தி ஒன்றால் வந்த வினை. அமெரிக்காவில் நிலாவை நோக்கி ரேடியோ அலை அனுப்பினார்களாம். அது நிலாவில் பட்டுத் திரும்பி வந்ததாம். அதை அவர் வகுப்பில் வாசித்தபோது மரியசெல்வி துள்ளி எழுந்து, "அப்போ நிலா கயித்தை இழுத்துக் காட்டிருக்கு சார்!" என்றாள். வகுப்பே சிரித்தது.

சங்கு குளிக்கிறவர் மகளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அப்பா கடலுக்குள் முங்கும்போது, தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மாமா. கீழேயிருந்து அப்பா ஒரு இழு இழுத்தால் மாமா மேலே தூக்கிவிடுவார். மாமா வராத நாளில் அப்பா தண்ணீரில் இறங்கவே மாட்டார்.

மரியசெல்வி ஒரு நீளக் கயிற்றை எடுத்தாள்.

"கையை நீட்டுலே. உள்ள பயமா இருந்தா ஒரு இழு இழு. நான் இங்கன இருந்து திருப்பி இழுப்பேன்."

"நீ மறந்துட்டா?"

"மாமா என்னைக்காவது மறந்திருக்காகளா?"

பர்னபாஸ் யோசித்தான். பிறகு கையை நீட்டினான். கட்டியதும் பீப்பாய்க்குள் இறங்கினான். கயிறு மூடியின் இடுக்கு வழியாக வெளியே நீண்டு, மறைவில் நின்ற அக்காவின் கைக்கு வந்தது.

திரை உயர்ந்தது. ராக்கெட் கிளம்புவதற்கு மேளம் அதிர்ந்தது. உடனே கயிறு வெடுக்கென்று இழுபட்டது. மரியசெல்வி திருப்பி இழுத்தாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் இழுத்தாள். பையன் விட்டபாடில்லை. அவளுக்குக் கை கடுத்தது. ஆனாலும் போகப் போக அந்த இழுப்பில் பயம் குறைந்து விளையாட்டு ஏறியது அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

மூடி திறந்தது. உப்பைக் குவித்துச் செய்த நிலாவில் பர்னபாஸ் கால் வைத்தான். கயிறும் கூடவே வந்தது. அவிழ்க்க மறந்துபோனான்!

"ஏலே, நிலாவுக்குப் போறவன் கயித்தைக் கட்டிக்கிட்டா போவான்?" என்று முன்வரிசைப் பையன் ஒருவன் கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பர்னபாஸ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பின்னே? கயிறு பிடிக்க ஆள் இல்லாம எவன்லே போவான்?"

சங்கு குளிக்கிறவர்கள் இருந்த பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. அப்பா, தன் பக்கத்தில் இருந்த மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சார் எழுதிக் கொடுத்த வசனம் பர்னபாஸுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. அவன் கவலைப்படவில்லை. கயிற்றை ஒரு இழு இழுத்துவிட்டுக் காத்திருந்தான். பதில் வந்தது.

"பூமி அங்கனதான் இருக்கு!" என்று நிலாவிலிருந்து அறிவித்தான்.