முன்சீட்டில் ஆள் இருக்கு

மலை உச்சி விடுதியின் வாசலில் கார் வந்து நின்றபோது முன்சீட்டில் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டுவிட்டிருந்தார் டிரைவர்.

"என்னண்ணே, மணலுக்கும் டிக்கெட்டா?" என்றேன்.

"மலை இறங்குற வரைக்கும் இந்த சீட்ட காலியா விடக்கூடாதும்மா. இந்த ரோட்டுல ஓட்டுற எல்லாருக்கும் இதான் வழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. அக்காவுக்கு வளைவுகளில் தலை சுற்றும், முன்னால் உட்கார்ந்தால்தான் தாங்குவாள். மூட்டையை டிக்கியில் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். மூட்டைக்குப் பதில் அக்கா உட்காருகிறாளே என்று அவரும் விட்டுவிட்டார்.

அக்காவின் கணவர், என் மாமா, இறந்த பிறகு ஒரு வருஷமாக அக்கா வீட்டைத் தாண்டவில்லை. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவிலேயே தேய்ந்துகொண்டிருந்தாள். மலை, சமவெளி, கடல் எல்லாவற்றையும் ஒரே பகலில் காட்டிவிட்டால் என் பழைய அக்கா திரும்பிவிடுவாள் என்று நம்பினேன். கையைக் காலைப் பிடித்துத்தான் அழைத்து வந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளை இழக்க எனக்குத் தெம்பில்லை.

பாதி வழியில் ஒரு திருப்பத்தில் நின்றோம். கீழே வயல்கள் விரிந்து கிடந்தன, அவற்றுக்கு அப்பால் ஒரு கோடாகக் கடல். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இதையெல்லாம் அவருக்குக் காட்டாம விட்டுட்டேனேடி" என்றாள்.

பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. டிரைவர் பின்பக்கம் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கதவு திறந்தே கிடந்தது. குளிர் தாங்காமல் அக்கா என்னோடு பின்சீட்டில் ஏறி, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

முன்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்றுதான் என்று நினைத்தேன். இலைகூட அசையவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். "அம்மா, முன்னாடி வந்துருங்க."

"எப்படி வர்றது?" என்றாள் அக்கா, சாதாரணமாக. "அங்க ஆள் இருக்கே."

வெறும் சீட்தான். ஆனால் நடுவில் அழுந்திக் குழிந்திருந்தது. வற்றிய குளத்துச் சேற்றின் வாடை காருக்குள் நிரம்பியது.

டிரைவர் முன்கண்ணாடியையே பார்த்தபடி கிசுகிசுத்தார். "அதுகிட்ட யாரும் பேசாதீங்க. பேசலேன்னா அடிவாரத்துல இறங்கிடும்."

"உங்களுக்கு யாராவது தெரியறாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"என் தம்பி." அவர் குரல் உடைந்தது. "தம்பி இல்லம்மா. தம்பி மாதிரி. யாருக்காக ஏங்குறோமோ, அவங்க மாதிரி தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஏங்க என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியவள் என் தோளில்தானே சாய்ந்திருந்தாள்.

அந்தத் தோளிலிருந்து அக்கா நிமிர்ந்தாள். நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் பேசிவிட்டாள்.

"ஏங்க, குளிருது. கண்ணாடிய ஏத்துங்களேன்."

முன்கதவின் கைப்பிடி சுற்றத் தொடங்கியது.

கண்ணாடி மெதுவாக, கீச்சிட்டபடி மேலே ஏறியது.

அக்கா சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அந்தப் பயத்திலும் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அடிவாரத்தில் டிரைவர் நிறுத்தி, இறங்கிப் போய் முன்கதவைத் திறந்துவிட்டார். காத்திருந்தோம். சீட்டின் குழி அப்படியே இருந்தது.

"பேசிட்டாங்களே" என்றார் அவர். "கடல் காத்து பட்டா நிக்காதுன்னு சொல்லுவாங்க. போய்ப் பார்ப்போம்."

சமவெளி முழுக்க வெயில் கொளுத்தியது. நான் அக்காவின் மணிக்கட்டை விடவேயில்லை. அவள் முன்னால் சாய்ந்து, குழாய் ஒழுகுவதையும் பக்கத்து வீட்டுக்காரி சண்டையையும் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே நிறுத்தி, எதையோ கேட்டு, "ம்" என்றாள்.

கடற்கரையில் கார் நின்றதும் அந்தச் சீட் ஒரு பெருமூச்சு விட்டதுபோல மேலெழுந்தது. சேற்று வாடை அற்றுப்போனது.

"இறங்கிடுச்சு" என்று டிரைவர் நெஞ்சில் கை வைத்தார். சூடேறிப்போயிருந்த இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பானட்டைத் தூக்கினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டாருடி. எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வர்றியா?"

அவளாக வாய்விட்டு ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று! சாலையைத் தாண்டி ஓடினேன். கடைக்காரர் ஆற அமர ஆற்றிக் கொடுத்தார்.

திரும்பியபோது அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிய பச்சைச் சேலை ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. முகத்தில் அலுப்பே இல்லை. கல்யாணமான புதிதில் இருந்த என் பழைய அக்கா.

"அப்பாடா, ஒரு வழியா முன்னாடி வந்துட்டியா?" என்றேன்.

"ஏறுடி" என்றாள்.

அப்போதுதான் கரையிலிருந்து கூச்சல் கேட்டது. திறந்த பானட்டுக்குப் பக்கத்தில் டிரைவர் இல்லை. அவர் இடுப்பளவு அலையில் நின்று யாரையோ இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் ஓடினார்கள். அவர் கையில் சுற்றியிருந்தது பச்சைச் சேலை.

டீ விரல்களில் கொட்டிச் சுட்டது.

"ஏறுடி, நேரமாகுது." பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கிளப்பிய அதே குரல். அதனோடு சேற்று வாடையும் வந்தது.

அது அக்கா இல்லை. எனக்கு நன்றாகவே தெரியும். அக்காவை அங்கே மணலில் கிடத்துகிறார்கள், நான் அவளிடம்தான் ஓட வேண்டும்.

பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

"சொல்லுக்கா" என்றேன்.