தட்டிக்கொடுக்கும் சத்தம்

கம்பளித் துணியை வசந்தாமணி விரித்துப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். மறுநாள் மாலை வந்து பார்த்தபோது அதன் ஓரங்கள் எல்லாம் மண்ணுக்குள் செருகப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க யாரோ செய்த காரியம் போல அது தெரியவில்லை. பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றும்போது ஓரத்தை இழுத்து மடித்து முதுகுக்கு அடியில் செருகுவோமே, அப்படி இருந்தது.

துணி விரித்திருந்த அந்த இடம் அவள் மகள் கயலின் கல்லறை. ஒரு மாதம்கூட நிறையாமல் போன குழந்தை. பச்சைப் பிள்ளையை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மாமியார் போனில் அழுதுகொண்டே சொன்னார். அவர்கள் குடியிருந்த சான் ஹோசேயில் இடம் தேடி அலைந்து, கடைசியில் ஊருக்கு நடுவே இருந்த இந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தில், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய மூலையில்தான் கிடைத்தது. சுற்றிலும் நூறு வருஷத்துக்கு முந்தைய குழந்தைகள். பெயர் தேய்ந்த சின்னச் சின்னக் கற்கள். கல்லே இல்லாத மேடுகள் அதைவிட அதிகம்.

பிறகு அவளுடைய வாழ்க்கை அந்தத் தோட்டத்துச் சுவருக்குள்ளேயே நடந்தது. சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து பழைய கற்களைக் கழுவுவார்கள். அவளும் கழுவினாள். நவம்பரில், இறந்தவர்களுக்கான திருநாளுக்கு, மெக்சிகோக்காரக் குடும்பங்கள் சாமந்திப் பூவும் சாப்பாடுமாக வந்து உட்காரும். வியட்நாம்காரப் பெரியவர் ஒருவர் தன் மனைவிக்கு ஏற்றும் ஊதுபத்தியில் ஒன்றைத் தவறாமல் கயலுக்கும் வைத்துவிட்டுப் போவார். அக்டோபரில் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிச் சரித்திரம் சொல்லும் நிகழ்ச்சி உண்டு. அங்கே புதைந்தவர்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு ஆட்கள் நின்று கதை சொல்வார்கள். சென்னையிலிருந்து வந்து முப்பது வருஷமாக அந்தத் தெருவில் இருக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி, கறுப்புச் சால்வை போர்த்தி, மரியாவாக நிற்பார்.

மரியா, பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். 1918இல் விஷக்காய்ச்சல் வந்தபோது அவள் நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்தபோது கைக்குழந்தை இல்லை. பிணவண்டியில் வந்த மற்றக் குழந்தைகளோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். எது தன்னுடையது என்று சொல்ல ஆளில்லை. சாகும்வரை தினமும் சாயங்காலம் வந்து ஒவ்வொரு மேட்டையும் தட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

துணியைச் செருகியது ஷ்யாமளா ஆன்ட்டிதான் என்று வசந்தாமணி நினைத்தாள். போன் செய்து நன்றி சொன்னாள்.

"நான் ரெண்டு வாரமா முட்டி சர்ஜரி ஆயி வீட்லயே கெடக்கறேன்மா" என்றார் ஆன்ட்டி. "வேற யாராவது வாலன்டியரா இருக்கும்."

யாராக இருந்தாலும் நல்ல மனசு என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்ள வேண்டிய தேவையும் இருந்தது. கணவன் கோபாலசாமிக்கு டெக்சஸில் வேலை கிடைத்திருந்தது. இங்கே அவனுக்கு வேலை போய்விட்டது. விசா கெடு முடிவதற்குள் கிடைத்த ஒரே இடம் அதுதான். வீட்டில் பெட்டிகள் அடுக்கியாகிவிட்டன. அவளை மறுத்துப் பேச விடாத காரணங்கள் எல்லாம் அவன் பக்கம் இருந்தன.

"நாம போயிட்டா அவள யாருங்க பாத்துக்குவா?" என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். அவன் டேப்பைக் கிழித்துப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒட்டி முடித்த பிறகும் அதே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் போனபோது சத்தம் கேட்டது. தூரத்தில் ஃப்ரீவேயின் இரைச்சல், தலைக்கு மேலே ஏர்போர்ட்டில் இறங்கும் விமானம், ஈர இலைகளின் புளித்த வாசனை. இவற்றுக்கெல்லாம் அடியில், மெதுவாக, விட்டுவிட்டு, உள்ளங்கை துணிமேல் படுகிற சத்தம். தப், தப், தப். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிற அதே நிதானம். அவள் மண்டியிட்டு மண்ணில் காதை வைத்தாள். உள்ளேயிருந்துதான் வந்தது. சத்தம் நின்றது. ஒரு சின்ன விக்கல். பிறகு, வயிறு நிறைந்து கண் சொருகும் குழந்தை விடும் நீளமான மூச்சு.

கயலின் மூச்சு. எந்தத் தாய்க்கும் அது தெரியும்.

பயப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ முதலில் வந்தது ஆனந்தம். வீடு திரும்பும் வழியில்தான், சிக்னலில் நின்றபோது, அது வேறொன்றாகத் திரிந்தது. கயலைத் தூங்கவைப்பது யார்? யாருடைய கை அது?

கிளம்புவதற்கு முந்தைய மாலை. டிசம்பர் மூடுபனி ஊர் முழுக்க இறங்கியிருந்தது. கோபாலசாமி அவளைக் கேட்டில் இறக்கிவிட்டான். அவன் உள்ளே வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

"ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வந்துரு வசந்தா. கேட்ட க்ளோஸ் பண்ணிருவாங்க" என்றான்.

கழுவிய கற்கள், கழுவாத கற்கள், தேவதையின் உடைந்த சிறகு, எல்லாம் பனிக்குள்ளிருந்து அருகில் வந்து, அருகில் வந்ததும் கறுத்து, பின்னால் கரைந்தன. குழந்தைகள் மூலையை நெருங்க நெருங்க ஃப்ரீவேயின் சத்தம் அடங்கிப்போனது. பழம் வேகிற சர்க்கரை வாசனை அடித்தது. கூடவே கறந்த பாலின் கவிச்சி. தப், தப், தப். இந்த முறை மண்ணுக்குள் இல்லை.

கறுப்புச் சால்வை போர்த்திய ஒருத்தி தரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவளைச் சுற்றிக் குழந்தைகள். கவிழ்ந்து கிடந்தவை, தவழ்ந்தபடியே நின்றுபோனவை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கியவை. மடியில் மட்டும் ஒன்றே ஒன்று. சுருட்டை முடி. இடது காதின் ஓரத்தில் மச்சம்.

"என் புள்ள அது" என்றாள் வசந்தாமணி. "குடுத்துருங்க."

தட்டுவது நின்றது. குழந்தை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. உதடு பிதுங்கியது. முகத்தை அந்தப் பெண்ணின் மார்பில் புதைத்துக்கொண்டு அலறியது.

அந்த அலறலில் வசந்தாமணியின் மார்பு கனத்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து வற்றவைத்த பால். போன வருஷமே வற்றிப்போனது. இப்போது ஸ்வெட்டரை நனைத்துக்கொண்டு வழிந்தது. சூடாக. நிற்காமல்.

தூங்கிய குழந்தைகள் விழித்தன.

ஒவ்வொன்றாக. மூக்கை உயர்த்தி. அவள் பக்கம்.

அந்தப் பெண் எழுந்தாள். வெகுகாலம் உட்கார்ந்து மரத்துப்போன கால்களோடு, மெதுவாக. கயலை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையையாவது தேர்ந்தெடுத்துவிட்டவளின் நிம்மதி அந்த நடையில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டின் பக்கமாகப் பனிக்குள் போனாள்.

"கயலு."

அழுகை தூரத்தில் தேய்ந்தது. பிறகு சிரிப்பு. கயல் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

ஓட நினைத்தாள். கால்கள் அவளை அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொண்டுபோயின. உட்கார்ந்தாள். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

கேட்டில் கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கோபாலசாமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது. பதில் சொல்ல வாய் திறந்தாள். கை மட்டும் தானாக உயர்ந்தது. தாழ்ந்தது.

தப்.

முதல் குழந்தை அவள் மடியில் ஏறியது. கண்ணிருந்த இடத்தில் மண். வாய் மட்டும் ஈரமாக, அகலமாகத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால், பனிக்குள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, மற்றவை வரிசையாகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தன.