ஓரத்தை இழு... மேளம் கேட்கும்!

போன் அலறியது.

அமெர்லே ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எடுத்தாள்.

"அமெர்லே! அக்கா பேசிட்டாம்மா! உங்க அக்கா பேசிட்டா!"

அத்தான் லார்யே. குரல் உடைந்திருந்தது.

அவள் கையிலிருந்த கெங்கே சோளமாவு உருண்டை மிளகாய்க் குழம்பில் விழுந்து தெறித்தது.

பன்னிரண்டு நாட்கள்!

ஓடோலே... கடலோரத் தேஷி ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் சபைப் பாடகி... அமெர்லேயின் ஒரே அக்கா... சந்தைக்குப் போனவள் திரும்பவே இல்லை. போலீஸ் தேடியது. மீனவர்கள் கடலுக்குள்ளும் போய்த் தேடினார்கள்.

"எங்க அத்தான்? எங்க இருக்கா?"

"தூரத்துல குமாசிப் பக்கம் ஏதோ ஜெபக்கூடமாம். நேத்துக் காலையில யார் போன்ல இருந்தோ பேசி அனுப்பியிருக்கா. ரேடியோவுல ஒரு மணிச் செய்தியில போடறாங்க. நடுவுல 'டக்'குன்னு ஒரு சத்தம் வருதாம். சரி பண்ணிக் கொண்டாங்கறாங்க."

"கொண்டு வாங்க அத்தான், உடனே!"

"உன் வாசல்லதான் நிக்கறேன். கதவைத் திற!"

திறந்தாள். வியர்வையில் நனைந்த சட்டையோடு லார்யே. அவள் தலையில் கை வைத்தான்.

மணி பன்னிரண்டு ஐந்து.

"என்னம்மா, தெருவாசல் ஸ்பீக்கர் ஊமையா நிக்குது?" கண்ணைத் துடைத்தபடி கேட்டான்.

"தடைக்காலம் அத்தான்! திருவிழா முடியற வரைக்கும் மேளம் கிடையாது, பாட்டு கிடையாது. இன்னிக்குப் பத்தொன்பதாவது நாள். போன வாரம் காவலுக்கு வந்த உங்க மாமா ஆளுங்க, தையல்காரி பாட்டு வெச்ச ரேடியோவையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் ஸ்பீக்கர் பட்டனை அணைச்சே வெச்சிருக்கேன்."

"மாமா கறார்தான். பெத்த தாய் தும்மினாக்கூட அபராதம் போடுவார்!"

இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு.

அவளுடைய ஒலிப்பதிவுக் கூடமான உள்ளறைக்குள் போனார்கள். கனத்த கதவு. சுவர் முழுக்க நுரைப் பஞ்சு. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது.

லார்யே பென் டிரைவை நீட்டினான்.

"அவ ரொம்ப இருமினா. ஜனங்க பயந்துடுவாங்கன்னு அதை மட்டும் நான்தான் வெட்டினேன். பாட்டு ஒத்திகைக்கு வாங்கின லேப்டாப்புல... ஏதோ எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு."

"நீங்க வெட்டினா 'டக்'குன்னுதான் கேட்கும்! மீன் வெட்டற கைதானே?"

"கிண்டல் பண்ணாதே. சீக்கிரம்!"

அமெர்லே பென் டிரைவைத் திறந்தாள். உள்ளே இருந்தது முடிந்த ஒலிக் கோப்பு மட்டும் அல்ல. அவன் வெட்டி ஒட்டிய வேலை முழுவதும் அதில் அப்படியே இருந்தது.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

திரையில் இரண்டு துண்டுகள். ஹெட்போனை மாட்டினாள். ஓட விட்டாள்.

'நான் நல்லா இருக்கேன்...'

டக்!

'...என்னைத் தேடி அலையாதீங்க.'

அக்கா! அக்காவின் குரல்! அமெர்லேயின் கண்கள் நிறைந்தன.

"முதல்ல ஆரம்பத்தைப் பார்ப்போம். திடுக்குன்னு தொடங்குது. சத்தம் மெதுவா ஏறுற மாதிரி ஒரு ஃபேட் போட்டா சரியாயிடும்."

முதல் துண்டின் இடது ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்து, ஓட விட்டாள்.

இந்த வேலையில் வெட்டியது எதுவும் சாவதில்லை. தைத்த சட்டையின் உள்மடிப்புத் துணி போல ஓரத்தில் ஒளிந்திருக்கும். பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடும்!

லார்யேவுக்கு அது தெரியாது.

அமெர்லேயின் காதுக்குள்...

தும்... தும்... தும் தும்... த... தும்!

அவள் விரல் அப்படியே நின்றது.

மேளம்!

அதுவும் எந்த மேளம்? நாலாவது அடியில் எப்போதும் தடுமாறும் மேளம்! அக்கா வீட்டுக்குப் பின்புறச் சபையில் வாசிக்கும் குண்டு அண்ணனின் கை. 'இவர் அடிக்கு என்னாலே பாட முடியலைடி' என்று ஓடோலே வாராவாரம் புலம்புவாளே... அதே கை!

அந்தச் சபையில் மேளம் நின்று பத்தொன்பது நாட்கள் ஆகின்றன.

அப்படியென்றால், நேற்றுக் குமாசியில் பேசியதாகச் சொன்ன குரலுக்குப் பின்னால் அந்த மேளம் எப்படி வந்தது?



"என்னாச்சு?"

லார்யே அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"ஒ... ஒண்ணுமில்ல அத்தான். கொஞ்சம் இரைச்சல்."

"அந்த 'டக்'கைச் சரி பண்ணு. அது போதும்."

"அதுக்கு கிராஸ்ஃபேட் போடணும். முதல் துண்டோட வாலையும் ரெண்டாவது துண்டோட தலையையும் ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தணும். இது தேயும்போது அது வளரும்."

பேசிக்கொண்டே, முதல் துண்டின் வலது ஓரத்தைப் பிடித்தாள். கடவுளே... வெறும் இருமலாக இருக்கட்டும்!

இழுத்தாள்.

'நான் நல்லா இருக்கேன்... இப்படித்தான் எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டிருக்கேன். நேத்து ராத்திரியும் லார்யே அடிச்சான். இந்தத் தடவை கழுத்தை நெரிச்சான்...'

இருமலே இல்லை! அக்கா என்றோ ரகசியமாகப் பதிந்து வைத்தது இது!

இரண்டாவது துண்டு. தலைப்பக்கத்தை இழுத்தாள். வால்பக்கத்தையும் இழுத்தாள்.

'என்னிக்காவது நான் காணாமப் போனா, என்னைத் தேடி அலையாதீங்க. லார்யேயைப் பிடிங்க! போன தடவை மாதிரி படகுக் கொட்டகையிலதான் பூட்டி வெச்சிருப்பான்...'

சொட்டு.

விசைப்பலகை மேல் அவள் கண்ணீர் விழுந்தது.

"ஏம்மா அழறே?"

"அக்கா குரல்... ரொம்ப நாள் கழிச்சு..."

லார்யே திரையைப் பார்த்தான். குட்டையாக இருந்த இரண்டு துண்டுகளும் இப்போது நீண்டு கிடந்தன.

"இது ஏன் இவ்வளவு பெரிசாச்சு?"



ஹெட்போனை அவள் தலையிலிருந்து உருவினான். தன் காதில் வைத்தான். விசையைத் தட்டினான்.

கேட்டான்.

அவன் முகத்திலிருந்த அத்தான் மெல்ல மெல்ல மறைந்தான். வேறு ஒருவன் வந்தான்.

கதவருகே போனான். தாழ்ப்பாளைப் போட்டான். மேசையிலிருந்த கேபிள் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டான்.

"நான்தான் இதை வெட்டிட்டேனே அமெர்லே..."

"வெட்டினது போகாது அத்தான்."

"உனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. நல்ல பொண்ணு நீ."

"அக்கா... அக்காவைக் கொன்னுட்டீங்களா?"

"இன்னும் இல்லை!" கத்தி அவள் காதோரம் வந்து நின்றது. "ஒரு மணிக்கு இது ரேடியோவுல வரும். ஊரு தேடறதை நிறுத்திடும். அப்புறம் சாயங்காலம் படகு. அவ மட்டும் கடலுக்குப் போறதா இருந்துச்சு. இப்ப உனக்கும் இடம் இருக்கு."



"வேலையை முடி! பழையபடி ரெண்டே வரி. 'டக்' இல்லாம!"

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

போன் அவன் பக்கம் கிடந்தது. கத்தினாலும் யாருக்கும் கேட்காது. நுரைப் பஞ்சு ஒவ்வொரு அலறலையும் விழுங்கிவிடும். ஆசை ஆசையாக அவளே கட்டிய அறை!

அவள் கண் மேசையின் இடது மூலைக்குப் போனது. அங்கே சின்னதாக ஒரு சிவப்புப் பட்டன். தெருவாசல் ஸ்பீக்கர்!

"சரி... செய்யறேன். கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைங்க. கை நடுங்குது."

விசைப்பலகையை அருகில் இழுத்தாள். இழுக்கும்போதே முழங்கை பட்டனில் பட்டது.

க்ளிக்!

லார்யே கவனிக்கவில்லை. ஹெட்போன் கம்பியை விரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்துக் கழற்றி வைத்தாள்.

வேலையைத் தொடங்கினாள்.

மேளத் துண்டை எடுத்தாள். ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டினாள். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு கிராஸ்ஃபேட். திரையில் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டன. இரண்டு நிமிடத்துக்கு நிற்காத மேளம்!

"அது என்னது?"

"வெறும் அறை இரைச்சல் அத்தான். ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாம விட்டா மறுபடியும் 'டக்'குன்னு கேட்கும். இதை அடியில விரிச்சு வெச்சா தெரியாது."

"ம். சீக்கிரம்!"

மேளம் முடியும் இடத்தில் ஒரு நீண்ட ஃபேட். மேளம் மெல்லத் தேய... அதன் மேலேயே அக்காவின் குரல் மெல்ல வளர... வெட்டாத முழுக் குரல்! இவ்வளவு அழகான கிராஸ்ஃபேடை அவள் வாழ்நாளில் போட்டதில்லை.

"முடிஞ்சது. இப்ப கோப்பா மாத்தணும். முழுசா ஒரு தடவை ஓடி முடியணும்."

"ஓட விடு!"

தட்டினாள்.

திரையில் கோடு நகர்ந்தது. பச்சை விளக்குகள் துள்ளின. அறைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

"ஏன் சத்தமே வரலை?" லார்யேயின் கண் சுருங்கியது.

"கோப்பா மாறும்போது சத்தம் வராது."

அவன் சந்தேகத்தோடு ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தான்.



அமைதி! கழற்றிய கம்பி காலடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ம்," என்று ஹெட்போனைக் கீழே வைத்தான்.

ஒரு நிமிடம்.

ஒன்றரை நிமிடம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேளத்தைக் கேட்டு ஓடி வரப் போவது யார்? ஒலித்தடைக் காவல் குழு. அந்தக் குழுவின் தலைவர் யார்?

லார்யேயின் சொந்தத் தாய்மாமன்!

ஐயோ... அவனுடைய ஆட்களையே கூப்பிட்டுவிட்டேனா!

கோடு மேளத்தைத் தாண்டியது. குரலுக்குள் நுழைந்தது. முடிவைத் தொட்டது.

டமார்!

கதவு அதிர்ந்தது. மறுபடியும் டமார்! தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

தலையில் சிவப்புத் துணி கட்டிய ஆறு பேர். முன்னால் வெள்ளைத் தாடியோடு அடோக்வே மாமா. கையில் தடைக்காலக் காவலின் அடையாளமான பனை ஓலை.

லார்யேயின் கையிலிருந்த கத்தி மின்னலாகச் சட்டைப் பைக்குள் மறைந்தது. முகத்தில் மறுபடியும் அத்தான்!

"மாமா! நல்லவேளை வந்தீங்க! தடைக்காலத்துல மேளம் போட்டிருக்கா பாருங்க! நான் வேண்டாம், வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்..."

அடோக்வே மருமகனைப் பார்த்தார். அமெர்லேயைப் பார்த்தார்.

"மேளம் போட்டது நீதானாம்மா?"

"ஆ... ஆமா மாமா."

"பாத்தீங்களா! அவளே ஒத்துக்கிட்டா! ஸ்பீக்கரோட சேர்த்து இவளையும் இழுத்துட்டுப் போங்க!"

அடோக்வே ஓலையை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையை ஓங்கினார்.

பளார்!

லார்யே நுரைப் பஞ்சுச் சுவரில் மோதிச் சரிந்தான்.

"மேளத்தைக் கேட்டுத்தான்டா ஓடி வந்தேன்! தெருமுனையில வர்றப்போ மேளம் தேயுது... உன் பொண்டாட்டி குரல் ஏறுது. உன் பேரைச் சொல்லுது! மீன்காரிங்க, டாக்ஸிக்காரனுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க... தெருவே கேட்டுச்சுடா! தடைக்காலத்து அமைதியில ஊசி மாதிரி கேட்டுச்சு!"

"மாமா, அது... அது வெட்டி ஒட்டினது..."

"இல்ல மாமா," என்றாள் அமெர்லே. குரல் நடுங்கினாலும் தெளிவாக இருந்தது. "வெட்டி ஒட்டினது ரேடியோவுக்குப் போறதா இருந்தது. நீங்க கேட்டதுதான் வெட்டாதது."

இரண்டு பேர் லார்யேயைக் குப்புறத் தள்ளிக் கத்தியைப் பிடுங்கினார்கள்.

அடோக்வேயின் போன் ஒலித்தது. 'படகுக் கொட்டகை' என்று குரல் சொன்னதுமே கடற்கரைக்கு ஓடிய அவருடைய ஆட்கள். அவர் கேட்டார். கண்களை மூடினார். பிறகு போனை அமெர்லேயிடம் நீட்டினார்.

மறுமுனையில் கீறல் விழுந்த, வறண்ட, உலகத்திலேயே இனிமையான குரல்.

"அமெர்லே... கொட்டகை வரைக்கும் கேட்டுச்சுடி. அந்தக் குண்டு அண்ணனா? இன்னும் நாலாவது அடியில தடுமாறறாரா?"

"அக்கா..!"

அழுதாள். சிரித்தாள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன.

அடோக்வே ஒரு பழைய நோட்டை விரித்தார். பேனாவை எச்சிலில் தொட்டார்.

"பேரு? அமெர்லே. குற்றம்? தடைக்காலத்துல மேளம். அபராதம்? ஒரு ஆடு, ரெண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயம்."

"மாமா! கொலை பண்ணப் பாத்தவனைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன்!"

"அது வேற. மேளம் வேற."

அமெர்லே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாமா. ஆனா கிராஸ்ஃபேட்லதான் கட்டுவேன். முதல்ல ஷ்னாப்ஸ்... அது பாட்டில்ல மெதுவா தேயும்போது ஆடு மெதுவா எட்டிப் பார்க்கும்... நடுவுல ஒரு 'டக்'கூடக் கேட்காது!"